தானாக வந்து நிற்கிற வண்டி

கேள்வி:

அக்கா, நான் கொருக்குப்பேட்டை. வயது 25. ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. லீவு கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் என் தோழியும் மலைப்பக்கம் நடக்கப் போவோம். போன மாதம் ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம், தடா அருகே உப்பலமடுகு அருவிக்குப் போயிருந்தோம். காலையில் கொண்டுவந்து விட்ட ஆட்டோக்காரர் திரும்பும்போது போனை எடுக்கவில்லை. சரி, வரதய்யபாளையம் வரை நடந்து பஸ் பிடிக்கலாம் என்று கிளம்பினோம். நாங்கள் யாருக்கும் கை காட்டவில்லை. ஒரு வெள்ளைக் கார் தானாகப் பக்கத்தில் வந்து நின்றது. நாற்பது, நாற்பத்தைந்து வயது ஆள், நன்றாகத் தமிழ் பேசினார். "ஏறுங்கம்மா, நான் செங்குன்றம் வழியாத்தான் போறேன்" என்றார். பஸ் வரும் என்றோம். "இந்த நேரத்துல ஏதும்மா பஸ்?" என்றார். ஆட்டோ சொல்லியிருக்கோம் என்றோம். "அது வர்ற வரைக்கும் ஏசியில உக்காருங்க" என்றார். வேண்டாம் என்று நடந்தோம். நூறடி முன்னால் போய் நிறுத்திக்கொண்டு காத்திருந்தார். நாங்கள் தாண்டியதும் பின்னாலேயே மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தார். பயந்துபோய், அடுத்து வந்த குட்டியானைக்குக் கை காட்டி, காலித் தக்காளி கிரேட்டுகளோடு பின்னால் உட்கார்ந்து தடா வந்து சேர்ந்தோம்.

வீட்டில் சொன்னதும் அம்மா, "இனிமே மலையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்" என்றுவிட்டார். அம்மா காசிமேட்டில் மீன் எடுத்து விற்பவர், சொன்னால் சொன்னதுதான். அந்தக் கார்க்காரர் உண்மையிலேயே உதவ வந்தவராக இருந்தால் என்று எனக்கு இன்னும் உறுத்துகிறது. முகத்தில் அடித்த மாதிரி இல்லாமல் எப்படி மறுப்பது? குட்டியானையில் ஏறியது சரியா? லிஃப்ட் கேட்பதே தப்பா? அம்மாவை எப்படிச் சமாளிப்பது? தோழி பெப்பர் ஸ்ப்ரே வாங்கலாமா என்றும் கேட்கிறாள்.

பதில்:

அன்புத் தங்கைக்கு,

முதலில் அந்த உறுத்தலைத் தூக்கிப் போடுங்கள். அந்த ஆள் நல்லவரா கெட்டவரா என்று ரோட்டில் நின்று தீர்ப்புச் சொல்கிற வேலை உங்களுக்கு இல்லை. நல்லவராக இருந்திருந்தால் நீங்கள் ஏறாததில் அவருக்கு என்ன நட்டம்? "சரிம்மா, பாத்துப் போங்க" என்று சொல்லிவிட்டு கியரைப் போட்டிருப்பார், அடுத்த ஊர் வருவதற்குள் மறந்திருப்பார். நீங்கள்தான் ஒரு மாதமாகச் சுமந்துகொண்டிருக்கிறீர்கள்.

நீங்கள் எழுதியதில் நான் கவனித்தது வேறு. நீங்கள் ஒவ்வொரு காரணம் சொல்லும்போதும் அவர் அந்தக் காரணத்தைத் தட்டிவிட்டிருக்கிறார். அதோடு நின்றிருந்தால் ஊர்ப்பக்கத்து உபசாரம் என்று நானும் விட்டுவிடுவேன். வெயிலில் முதுகில் பையோடு இரண்டு பெண்கள் நடந்துபோனால், பாவம் என்று வண்டியை நிறுத்துகிறவர்கள் அந்தப் பக்கத்தில் நிறையவே உண்டு. வேண்டுமென்றே நடக்க வந்திருக்கிறோம் என்பது பல பேருக்குப் புரியாது. "பஸ்ஸுக்குக் காசில்லையா பாப்பா?" என்று என்னையே கேட்டிருக்கிறார்கள். ஆனால் முன்னால் போய்க் காத்து நின்றதும், பின்னாலேயே உருட்டிக்கொண்டு வந்ததும் உபசாரம் ஆகாது. அந்த இடத்தில் பயப்பட்டது சரி. உங்கள் பயம் ஒழுங்காக வேலை செய்திருக்கிறது.

எங்கள் நடைக்குழுவுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் பிரித்துச் சொல்வது இதைத்தான்: நாம் கேட்டு ஏறுகிற வண்டி வேறு, தானாக வந்து நிற்கிற வண்டி வேறு. நாம் கேட்கும்போது ஆளை, வண்டியை, இடத்தை, நேரத்தை நாம் பார்த்துப் பொறுக்குகிறோம். தானாக வந்து நிற்கும்போது பொறுக்கியவர் அவர். ரோட்டில் எத்தனையோ பேர் நடக்க, உங்களைப் பார்த்து அவர் பிரேக் போட்டிருக்கிறார். பத்தில் ஒன்பது பேர் இரக்கத்தில்தான் போடுவார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பத்தாவது ஆளும் அதே மாதிரிதான் சிரிப்பார், அதே மாதிரிதான் "ஏறும்மா" என்பார். அதனால் என் விதி எளியது. தானாக நின்ற வண்டியில் ஏறுவதில்லை. ஓட்டுகிறவர் சாமியாராக இருந்தாலும் சரி (சாமியாராக இருந்தால் இன்னும் கொஞ்சம் தள்ளியே நிற்பேன்). இப்படி ஒரு விதி வைத்துக்கொண்டால் பெரிய சௌகரியம், ஒவ்வொரு முகமாகப் பார்த்து எடைபோட வேண்டியதில்லை. அவரைச் சந்தேகப்பட்டோமே என்கிற கூச்சமும் வராது. யாராக இருந்தாலும் ஏறமாட்டோம், அவ்வளவுதான்.

இனி மறுக்கிற விதம். இதில் உங்களுக்கு நான் புதிதாகக் கற்றுத்தர ஒன்றுமில்லை என்றுதான் நினைக்கிறேன். தண்டையார்பேட்டை மணிக்கூண்டுப் பக்கம் நடந்துபோகும்போது ஷேர் ஆட்டோக்காரர் "பாரிஸ், பாரிஸ், பாரிஸ்... ஏறும்மா" என்று பக்கத்தில் ஓட்டிக்கொண்டு வருவாரே, அவருக்கு என்ன பதில் சொல்கிறீர்கள்? நடையை நிறுத்தாமல், முகத்தைப் பாதி திருப்பி, "வேணாண்ணா". ஏன் வேண்டாம், எங்கே போகிறோம், யார் வருகிறார்கள் என்று அவரிடம் விளக்குகிறோமா? அவர் மனசு புண்பட்டிருக்குமோ என்று ராத்திரி யோசிக்கிறோமா? அதே குரல், அதே நடை போதும். கார் என்றதும், ஏசி என்றதும், "அம்மா" போட்டுப் பேசுகிறார் என்றதும் நமக்குக் குரல் இறங்கிவிடுகிறது. அங்கேதான் பிசகுகிறது.

காரணம் சொன்னால் அதைப் பிடித்துக்கொண்டு பேச்சு வளரும். பஸ் வரும் என்றால் பஸ் இல்லை என்பார். தோழி வருவாள் என்றால் அவளையும் ஏற்றிக்கொள்ளலாம் என்பார். நீங்கள் சொன்ன இரண்டு காரணத்துக்கும் அவரிடம் பதில் இருந்தது பாருங்கள். "வேணாண்ணா, தேங்க்ஸ்" என்பதற்கு மட்டும் யாரிடமும் பதில் கிடையாது. முதல் தடவை சிரித்த முகமாகவே சொல்லுங்கள். இரண்டாம் தடவை கேட்டால் அதே வார்த்தைகளை, கொஞ்சம் சத்தமாக, சிரிப்பில்லாமல். மூன்றாம் தடவைக்கு அண்ணாவும் கிடையாது தேங்க்ஸும் கிடையாது: "வேணாம்னு சொல்லிட்டேன். வண்டிய எடுங்க." இதைச் சொல்லும்போது குரல் நடுங்கினால் நடுங்கட்டும், சத்தம் மட்டும் வரட்டும்.

எல்லையைத் தாண்டினால் தெலுங்கு. நம் பக்கத்தில் பாதிப் பேருக்குக் காதில் விழுந்த தெலுங்காவது இருக்கும், இல்லாவிட்டாலும் பரவாயில்லை. "வத்து அண்ணா" என்றால் வேண்டாம். "இக்கட ஆப்பண்டி" என்றால் இங்கே நிறுத்துங்கள். இந்த இரண்டும் வாயில் தயாராக இருந்தால் போதும்.

வார்த்தையைவிட நீங்கள் எந்தப் பக்கம் நடக்கிறீர்கள் என்பது முக்கியம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் ரோட்டின் இடது பக்கம் நடந்திருக்கிறீர்கள். அதனால்தான் அந்தக் கார் முதுகுப் பக்கமாக வந்து கண்ணாடியை இறக்கிப் பேச முடிந்தது, பின்னாலேயே உருட்டவும் முடிந்தது. நடைபாதை இல்லாத ரோட்டில் எப்போதும் வலது பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடக்க வேண்டும். விபத்துக்காகச் சொல்கிற விதி இது, ஆனால் இந்த விஷயத்துக்கும் அருமையாகப் பொருந்துகிறது. நீங்கள் போகிற திசையில் போகிற கார் ரோட்டின் அந்தப் பக்கம் இருக்கும். பேச வேண்டும் என்றால் அவர் ரோட்டைத் தாண்டிக் கத்த வேண்டும். உங்களோடு உருட்டிக்கொண்டு வரவேண்டும் என்றால் தப்பான பக்கத்தில் ஓட்ட வேண்டும். அப்படியும் விடாமல் வந்தால் சட்டென்று திரும்பி, வந்த வழியே நடங்கள். நீங்கள் திரும்ப ஒரு நொடி போதும். குறுகிய ரோட்டில் கார் திரும்ப அதைவிட எவ்வளவோ நேரம் ஆகும். அந்த நேரத்தில் கடைசியாகப் பார்த்த வீடு, கடை, பம்புசெட் எதுவோ அதை நோக்கிப் போங்கள். (ஜிஎன்டி ரோடு மாதிரி நடுவில் தடுப்பு வைத்த நெடுஞ்சாலையில் இதெல்லாம் நடக்காது. அங்கே சர்வீஸ் ரோட்டை விட்டு ஏறவே ஏறாதீர்கள்.)

பேசும்போது ஜன்னலில் சாயாதீர்கள். வழி கேட்கிற மாதிரி கூப்பிட்டு, சத்தம் கேட்கவில்லை என்று கையைக் காதில் வைத்துக் காட்டினாலும் கிட்டே போகாதீர்கள். இரண்டு கை நீளம் தள்ளி நின்று பேசினால் போதும். கதவு திறந்தால்கூட உங்களைத் தொட முடியாது.

போனை எடுத்து நம்பர் பிளேட்டைப் படம் பிடிக்கத் தயங்கவேண்டாம். ஒளித்து எடுக்காதீர்கள், அவர் பார்க்க எடுங்கள். எடுத்ததும் யாருக்காவது போன் போட்டு நம்பரை உரக்கப் படியுங்கள், எதிர்முனையில் யாரும் எடுக்காவிட்டாலும் பரவாயில்லை. டிஎன் 18 என்றால் செங்குன்றத்து வண்டி என்கிற மாதிரி முதல் நான்கு எழுத்து எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு வந்துவிடுவார்கள், அது ஒன்றுக்கும் உதவாது. முழு எண்ணும் வேண்டும்.

சட்டத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். ஐபிசிக்குப் பதிலாக வந்த தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆவது பிரிவு, ஒரு பெண் விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் ஆண் ஒருவர் பின்தொடர்ந்து, திரும்பத் திரும்பப் பேச்சுக் கொடுக்க முயல்வதைக் குற்றம் என்கிறது. முதல் முறைக்கே 3 ஆண்டு வரை சிறை. அந்தத் "தெளிவாக" என்பதற்காகத்தான் காரணங்களை விட்டு வேண்டாம் என்ற சொல்லைச் சொல்லச் சொல்கிறேன். "பஸ் வரும்" என்பதை மறுப்பே இல்லை என்று ஒரு வக்கீல் எப்படியும் வளைப்பார், "வேண்டாம்" என்பதை வளைக்க முடியாது. ஏறிய பிறகு இறங்க விடாமல் ஓட்டிக்கொண்டு போனால் அது 127-ஆவது பிரிவின் கீழ் சட்டவிரோதமாக அடைத்து வைப்பது. சம்பவம் ஆந்திராவில் நடந்தது, இங்கே புகார் வாங்கமாட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம். உங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷனிலேயே கொடுக்கலாம்.

குட்டியானைக்கு வருவோம். அந்த நிமிடத்தில் நீங்கள் செய்தது சரி. பின்னால் ஒருவர் உருட்டிக்கொண்டு வரும்போது, நீங்களே கை காட்டி, நீங்களே பொறுக்கிய வண்டி அது. ஆனால் அதை வழக்கமாக்காதீர்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரியது, வண்டி கவிழ்ந்தால் உங்களுக்கு இன்சூரன்ஸ் கிடையாது. சரக்கு வண்டியில் ஓசியில் போகிறவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று ஆஷா ராணி வழக்கில் 2002-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரக்குக்குச் சொந்தக்காரர், அவருடைய ஆள் என்றால் உண்டு, உங்களுக்கு இல்லை. டூவீலரிலும் காரிலும்கூட, வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி போட்ட வண்டியாக இருந்தால் ஓசியில் ஏறிய உங்களுக்கு இழப்பீடு வராது, பேக்கேஜ் பாலிசி என்றால் வரும். ரோட்டில் நிறுத்தி பாலிசியைக் காட்டு என்று கேட்கமுடியாதுதான். டூவீலரில் உங்களுக்கு ஹெல்மெட் இருக்கிறதா என்றாவது கேட்கலாம். இல்லை என்றால் மறுக்க அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

லிஃப்ட் கேட்பது தப்பா என்றால், இல்லை. மலைப்பக்கம் போகிற எல்லோரும் என்றாவது ஒருநாள் கேட்டிருப்போம். கேட்கிற இடத்தைத்தான் பார்க்க வேண்டும். வளைவில், இருட்டில், ஆளில்லாத ரோட்டில் நின்று கை நீட்டுவதைவிட, வண்டிகள் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கும் இடத்துக்கு நீங்கள் போய்விடுங்கள். பெட்ரோல் பங்க், டோல்கேட், டீக்கடை, கோவில் வாசல். அங்கே ஓட்டுகிறவர் கீழே இறங்கியிருப்பார். அவர் நடப்பதைப் பார்க்கலாம், பேசுவதைக் கேட்கலாம், கூட யார் இருக்கிறார்கள் என்று தெரியும். உப்பலமடுகில் உங்களுக்கு அந்த இடம் வனத்துறை கேட். குடும்பத்தோடு வந்து கிளம்புகிறவர்களிடம் அங்கேயே கேட்டிருந்தால் ரோட்டில் நடக்கவே வேண்டியிருந்திருக்காது. ஆட்டோக்காரர் போனை எடுக்கவில்லை என்று தெரிந்தது கேட்டில்தானே?

டீக்கடை ஏன் நல்லது என்று சொல்கிறேன். நாகலாபுரம் பக்கம் நடந்துவிட்டு வரும்போது, ஊத்துக்கோட்டைக்கு முன்னால் ஒரு கடையில் நிற்போம். நான் டீ சொல்லிவிட்டு, கடைக்காரம்மாவிடம் "பெரியபாளையம் பக்கம் போற குடும்ப வண்டி எதுனா இருந்தா சொல்லுங்கம்மா" என்று சொல்லி வைப்பேன். ஒருமுறை நல்ல பெரிய கார் ஒன்று வந்து நின்றது. வெள்ளை வேட்டி சட்டையில் ஒருவர் இறங்கி சிகரெட் வாங்கினார். மரியாதையான முகம். கேட்கலாம் என்று நான் எழுந்தேன். அந்தம்மா என்னைப் பார்க்கவே இல்லை, குனிந்து கிளாஸ் கழுவிக்கொண்டே கட்டைவிரலை மட்டும் வாய்ப்பக்கம் ஒரு தடவை கொண்டுபோய் இறக்கினார். நான் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர்களுக்கு யார் தினம் வருகிறவர், யார் மத்தியானமே ஊற்றிக்கொண்டு வருகிறவர் எல்லாம் அத்துப்படி. ஒரு டீக்கு இவ்வளவு தகவல் வேறு எங்கே கிடைக்கும்? நீங்கள் ஏறிப் போகிற வண்டியை அவர் பார்த்திருக்கிறார் என்பதும், அவர் பார்த்தது ஓட்டுகிறவருக்குத் தெரியும் என்பதும் கூடுதல் லாபம்.

கேட்கும்போது வரிசை முக்கியம். "எங்கண்ணா போறீங்க?" என்று முதலில் நீங்கள் கேட்டுவிடுங்கள். அவர் ஊர்ப் பெயரைச் சொல்லட்டும். பிறகு முகத்தைப் பார்த்து, மூச்சில் வாசனை பார்த்து, வண்டிக்குள் பார்த்து, மனசு ஒப்பவில்லை என்றால் "நாங்க வேற பக்கம்ணா" என்று விலகிவிடலாம். நீங்கள் முதலில் செங்குன்றம் என்று சொல்லிவிட்டால் எல்லோரும் செங்குன்றம்தான் போவார்கள். பெட்ரோலுக்குக் காசு வேண்டுமா என்பதையும் ஏறுவதற்கு முன்னாலேயே பேசிவிடுங்கள். ஏறியபின் "காசெல்லாம் வேணாம்மா, ஒரு நம்பர் குடுங்க போதும்" என்று ஆரம்பிக்கிறவர்கள் உண்டு. ஆண்கள் மட்டும் இரண்டு மூன்று பேர் இருக்கிற வண்டி வேண்டாம். தனியாகப் போயிருந்தால் லிஃப்டே வேண்டாம். சிலர் இதற்கு என்னோடு சண்டை போடுவார்கள், எத்தனையோ பேர் தனியாகவே நாடு முழுக்கச் சுற்றுகிறார்களே என்று. சுற்றட்டும். புதிதாகப் பழகுகிறவருக்கு நான் சொல்வது இதுதான்.

காரில் ஏறுகிறீர்கள் என்றால் பின்கதவைத் திறந்ததும் உட்காராதீர்கள். கதவின் ஓரத்தில், பூட்டு மாட்டுகிற இடத்துக்குக் கீழே, விரல்நுனி அளவுக்கு ஒரு சின்ன நெம்பு இருக்கும். சில வண்டிகளில் நெம்புக்குப் பதில் சாவியை நுழைத்துத் திருப்புகிற மாதிரி ஒரு வெட்டு. பக்கத்தில் குழந்தைப் படமோ பூட்டுப் படமோ போட்டிருக்கும். அது லாக் பக்கம் தள்ளியிருந்தால் உள்ளே இருந்து எவ்வளவு இழுத்தாலும் கதவு திறக்காது, வெளியே இருந்துதான் திறக்கும். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டு வண்டியில் சாதாரணமாகவே போட்டுவைத்திருப்பார்கள், அதனால் போட்டிருக்கிறது என்பதற்காகச் சந்தேகப்பட வேண்டாம். விரலால் தள்ளி எடுத்துவிட்டு ஏறுங்கள். ஏன் என்று கேட்டால், "எனக்கு கார்ல வாந்தி வரும்ணா, சட்டுனு கதவத் திறக்கணும்." இந்தப் பதில் பின்னால் பயன்படும். ஏற்கெனவே ஏறிவிட்டு லாக்கைக் கண்டுபிடித்தால், கண்ணாடியை இறக்கி வெளிக் கைப்பிடியை எட்டித் திறக்கலாம், வண்டி நின்றிருக்கும்போது. இரண்டு பேரும் பின்சீட்டிலேயே உட்காருங்கள். ஒருவரை முன்னால் கூப்பிட்டால் "பரவால்லண்ணா" போதும். பையை டிக்கியில் போடவே போடாதீர்கள், மடியில் இருக்கட்டும். இறங்க வேண்டிய நேரத்தில் பைக்காக நீங்கள் தயங்கக் கூடாது. போன், காசு, அடையாள அட்டை மூன்றும் உடம்போடு இருக்கட்டும்.

உங்கள் போனில் மேப் ஓடிக்கொண்டிருக்கட்டும், காட்டுப்பக்கம் சிக்னல் போகும் என்பதால் அந்தப் பகுதியை முதல் நாளே டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ளுங்கள். வழி மாறினால் அப்போதே கேளுங்கள். "இந்த ரூட்டு எங்கண்ணா போகுது?" உண்மையாகவே குறுக்கு வழியாக இருந்தால் ஊர்ப் பெயரோடு பதில் வரும். மழுப்பினால் இறங்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. வாந்தி வருகிறது என்று வாயைப் பொத்துங்கள். சீட் கவர் மேல் பாசமில்லாத டிரைவரை நான் இதுவரை பார்த்ததில்லை. நின்றதும் இரண்டு பேரும் பையோடு இறங்கி, வண்டி வந்த திசையில் நடந்துவிடுங்கள். நிறுத்தாவிட்டால் 112. எந்த மாநிலத்திலும் வேலை செய்யும். தமிழ்நாட்டுக்குள் காவல் உதவி செயலியும் இருக்கிறது. ஓடுகிற வண்டியிலிருந்து குதிக்காதீர்கள். வேகத்தடை, ரயில்வே கேட், டோல்கேட், சந்தைக் கூட்டம் என்று ஏதோ ஒன்றில் நின்றே ஆகவேண்டும், அங்கே கண்ணாடியை இறக்கிக் கத்துங்கள்.

இதையெல்லாம் இவ்வளவு நீளமாகச் சொல்லிவிட்டேன், ஆனால் பாதுகாப்பில் பெரிய பங்கு முதல் நாள் ராத்திரியே முடிந்துவிடுகிறது. லிஃப்ட் கிடைக்காவிட்டால் வீட்டுக்குப் போக முடியாது என்கிற நிலைமையில் நிற்கிறவருக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. கொருக்குப்பேட்டையில் இருக்கிற உங்களுக்கு இதில் ஒரு அதிர்ஷ்டம். உங்கள் ஸ்டேஷன் வழியாகப் போகிற தண்டவாளம் எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் தாண்டி நேராகத் தடாவுக்கே போகிறது. ஆனால் கும்மிடிப்பூண்டி வரைக்கும்தான் வண்டி அடிக்கடி, அதற்கப்பால் சூலூர்பேட்டை வரை போகிறவை குறைச்சல். அதனால் திரும்பி வருகிற ரயிலை முதலில் பாருங்கள், அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு அருவியை விட்டுக் கிளம்புகிற நேரத்தை முடிவு செய்யுங்கள். நம் பக்கம் நவம்பரில் ஆறு மணிக்கு முன்னாலேயே இருட்டுகிறது. நாலு மணிக்கெல்லாம் பஸ் ஓடுகிற ரோட்டில் இருக்க வேண்டும். தடா ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ பேசும்போது ஒருவர் நம்பரோடு நிறுத்தாமல் இரண்டு பேர் நம்பர் வாங்குங்கள். போகவர மொத்தமாகப் பேசி, காசில் பாதியைத் திரும்பும்போது தருவதாகச் சொல்லுங்கள். போன் எடுக்காத ஆட்டோக்காரர்கூட அந்தப் பாதிக்காக வந்து நிற்பார்.

அம்மா விஷயம். சமாளிப்பது என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அது பிடிக்கவில்லை. விடியாத நேரத்தில் காசிமேட்டுக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, கூடையோடு எவன் வண்டியில் ஏறலாம், எவன் வண்டியில் ஏறக் கூடாது என்று முடிவு செய்து பழகிய பெண்மணி அவர். நான் இங்கே பத்தி பத்தியாக எழுதியதை அவர் எந்தப் பயிற்சியும் இல்லாமல் செய்துகொண்டிருக்கிறார். ஒருநாள் உட்கார்ந்து அவரிடமே கேளுங்கள்: மார்க்கெட்டுக்கு வண்டி பிடிக்கும்போது என்ன பார்ப்பீங்க, யாரை வேணாம்னு சொல்வீங்க, எப்படிச் சொல்வீங்க என்று. எனக்குத் தெரியாதது நாலு வரும், எழுதி அனுப்புங்கள், இங்கே போடுகிறேன். அவர் சொன்ன விதிகளைக் கடைப்பிடித்துப் போகிறேன் என்று நீங்கள் சொல்லும்போது பேச்சு வேறு மாதிரி போகும். போகிற அன்று வாட்ஸாப்பில் லைவ் லொக்கேஷனை 8 மணி நேரத்துக்குப் போட்டு அவருக்கு அனுப்புங்கள். சிக்னல் இல்லாமல் நின்றுபோனால் பதறக் கூடாது என்றும், இத்தனை மணிக்குள் தடா ஸ்டேஷனிலிருந்து போன் வரும் என்றும், வராவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்றும் முதலிலேயே பேசி வையுங்கள்.

அவர் கொஞ்ச நாளைக்கு ஆந்திரப் பக்கம் வேண்டாம் என்றால் ஒத்துக்கொள்ளுங்கள், அதில் ஒன்றும் குறைந்துவிடாது. தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் ட்ரெக் தமிழ்நாடு என்று 40 பாதைகளைத் திறந்தது. 2018-இல் குரங்கணியில் மலை நடக்கப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்த பிறகு காட்டு நடைக்கு விதிகள் இறுகின. இப்போது ஆன்லைனில் பதிந்துகொண்டு வழிகாட்டியோடு போகலாம். அதில் திருவள்ளூர் மாவட்டத்துக் கூடியம் குகைப் பாதையும் ஒன்று. பூண்டி ஏரிக்குப் பக்கத்தில், 15 லட்சம் ஆண்டுப் பழமையான கற்கருவிகள் கிடைத்த அத்திரம்பாக்கத்துக்கு அருகில். அருவி கிடையாது, மற்றபடி நல்ல நடை.

உங்கள் தோழி பெப்பர் ஸ்ப்ரே வாங்கலாமா என்று கேட்டதாகக் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். ரோட்டில் திறந்த வெளியில் பயன்படும். மூடிய காருக்குள் அடித்தால் உங்கள் கண்ணும் சேர்ந்து எரியும். என்னைக் கேட்டால் முதலில் ஒரு நல்ல விசில் வாங்குங்கள், காட்டுக்குள் வழி தவறினாலும் அது உதவும். மூன்று முறை ஊதி, நிறுத்தி, மறுபடி மூன்று முறை. வாங்கிப் பைக்குள் போட்டுவிடாதீர்கள். பையின் தோள்வாரில், கையை உயர்த்தாமலே வாய்க்கு எட்டுகிற இடத்தில் கட்டுங்கள்.